தஞ்சாவூரில் எங்கே வாங்குவது?

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பைச் செயலாளர் சொன்னபோது, "இதுக்கு ஒரு பேச்சு வேணுமா?" என்றுதான் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "வருஷம் முழுக்க உனக்கு வர்ற போனுக்கெல்லாம் ஒரே நாள்ல பதில் சொல்லிடலாம்ல" என்றார். அதுவும் சரிதான். நான் இந்தக் கல்லூரியில் வணிகவியல் படித்து, வங்கியில் முப்பத்தைந்து ஆண்டு குப்பை கொட்டி, ஓய்வு பெற்ற பிறகு தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டவன். என் வகுப்பில் பாதிப் பேர் சென்னையில். மீதிப் பாதி சிங்கப்பூர், துபாய், அமெரிக்கா என்று இருக்கிறார்கள். மாதம் ஒருவராவது கூப்பிடுவார். "மாப்ளே, பொண்ணு புது வீட்டுக்குக் குடி போறா. தஞ்சாவூர் படம் ஒண்ணு வாங்கித் தரணும். எந்தக் கடை நல்ல கடை?"

எந்தக் கடை என்பதைக் கடைசியில் கேளுங்கள். எது கைவேலை, அதை யார் செய்கிறார், எத்தனை நாள் செய்கிறார் என்று முதலில் கேளுங்கள். இந்த மூன்றும் தெரிந்தால் எந்தக் கடையிலும் உங்களை ஏமாற்ற முடியாது. தெரியாவிட்டால் நல்ல கடையிலும் தவறான பொருளோடு வெளியே வருவீர்கள்.

முதலில் கண்ணுக்குப் பழக்கம்

வாங்கப் போவதற்கு முன்னால் அரை நாள் ஒதுக்கி அரண்மனை வளாகத்துக்குப் போய் வாருங்கள். நாம் படிக்கிற காலத்தில் வகுப்பைக் கட் அடித்துவிட்டுப் போன இடம்தான். அப்போது யாரும் எதையும் பார்க்கவில்லை! கலைக்கூடத்தில் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளைப் பாருங்கள். சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்தைப் பாருங்கள். நல்ல வேலை எப்படி இருக்கும் என்று கண் ஒருமுறை பழகிவிட்டால், கடைக்காரர் பேச்சு அவ்வளவாக எடுபடாது.

அதன் பிறகு, விலை தெரிந்துகொள்ள அரசு நிறுவனமான பூம்புகார் விற்பனை நிலையத்துக்குப் போங்கள். 1973-ல் தொடங்கிய தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் கடை அது. குறித்த விலை, பில் உண்டு, பேரம் கிடையாது. அவசரமாக ரயில் பிடிக்க வேண்டியவருக்கு அதுவே போதும். நேரம் இருப்பவர்கள் அங்கே பார்த்த விலையை மனத்தில் வைத்துக்கொண்டு, அரண்மனையைச் சுற்றியுள்ள கடைகளைப் பாருங்கள். கடைசியாகச் செய்பவர் வீட்டுத் திண்ணைக்குப் போங்கள். நான் சொல்ல வந்தது அந்தத் திண்ணையைப் பற்றித்தான்.

தஞ்சாவூர் படம்

மராட்டியர் காலத்தில், குறிப்பாக இரண்டாம் சரபோஜி மன்னர் ஆட்சியில் (1798-1832) செழித்த கலை இது. 2007-08-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் "தஞ்சாவூர் ஓவியம்" என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் சட்டம் உங்கள் கூட வந்து கடையில் நிற்காது. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பலகையின் மேல் துணி ஒட்டி, அதன் மேல் சுண்ணப் பொடியும் பசையும் பூசித் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். முன்பு பலா மரப் பலகை; இப்போது பெரும்பாலும் ப்ளைவுட். அது குற்றமில்லை, நல்ல ப்ளைவுட்டாக இருந்தால் சரி. பிறகு படம் வரைந்து, கற்களைப் பதித்து, நகை, மண்டபத் தூண், வளைவு எல்லாவற்றையும் மாவுப் பசையால் மேடாக எழுப்பி, அந்த மேட்டின் மேல் தங்கத் தகட்டை ஒட்டுவார்கள். கடைசியில்தான் வர்ணம். முகமும் கண்ணும் எல்லாவற்றுக்கும் பின்னால்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "தகடு 22 காரட் தங்கமா?" ஆமாம் என்றால், "பில்லில் எழுதிக் கொடுங்க" என்று சொல்லுங்கள். உண்மையான தகடு தலைமுறை தாண்டி மின்னும். தங்க நிறத் தாள் ஒட்டியது சில வருஷத்தில் கறுத்துப் போகும். தங்கத்தாள் ஒட்டிய படத்தைக் குறைந்த விலைக்கு, சொல்லி விற்றால் தப்பில்லை. சொல்லாமல் விற்பதுதான் தப்பு. படத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். மேடு பள்ளம் கையால் எழுப்பியதா, அச்சில் வார்த்து ஒட்டியதா என்பது தெரியும். ஒரே கடையில் நாலு கிருஷ்ணர் இருந்தால் நாலின் முகத்தையும் பாருங்கள். கையால் எழுதிய முகம் நாலும் ஒன்றுபோல இருக்காது.

கலைத்தட்டு

நம் சங்கத்தில் சிறப்பு விருந்தினர்களுக்குக் கொடுப்போமே, அந்தத் தட்டு. பித்தளைத் தட்டு ஒருவர் வேலை. அதில் பதிக்கும் வெள்ளி, செம்பு உருவங்களைத் தட்டி எடுப்பது இன்னொருவர் வேலை. இரண்டையும் சேர்த்துப் பதிப்பது மூன்றாமவர் வேலை. ஒரு தட்டு வாங்கினால் மூன்று குடும்பத்துக்குக் கூலி போகிறது.

உருவம் தனித் தகடாகச் செய்து பதித்ததா, அல்லது மொத்தத் தட்டையும் இயந்திரத்தில் ஒரே அழுத்தாக அழுத்தி முலாம் பூசியதா என்று ஓரத்தைப் பார்த்தாலே தெரியும். வெள்ளி விலை ஏறிய பிறகு உண்மையான கலைத்தட்டுக்குக் கிராக்கி குறைந்துவிட்டது. பட்டறைக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "சார், வெள்ளி விலை ஏறினா ஜனங்களுக்குப் புரியுது. என் கூலி ஏறணும்னா மட்டும் புரிய மாட்டேங்குது."

தலையாட்டி பொம்மை

இதற்குப் புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வழியிலேயே வேலை முடிந்துவிடும். அந்தப் பக்கத்தில் பொம்மை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. அம்மனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே போகலாம்.

பொம்மையில் இரண்டு வகை. ஒன்று, உருண்டை அடிப்பாகம் கொண்ட ராஜா ராணி. எப்படிச் சாய்த்தாலும் எழுந்து நிற்கும். கனம் முழுவதும் அடியில் இருப்பதுதான் காரணம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் புவியீர்ப்பு மையத்தைப் புரியவைக்க இதைவிட நல்ல கருவி கிடையாது. நம் இயற்பியல் பேராசிரியர் ஆமோதிக்கிறார், நன்றி ஐயா. மற்றொன்று, தலை, உடல், பாவாடை என்று தனித்தனியாகச் செய்து ஒன்றின் மேல் ஒன்று ஆடும்படி வைத்த நாட்டியப் பெண். இதை ஊருக்கு எடுத்துப் போகிறவர்கள் பாகம் பாகமாகக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். அப்படியே பெட்டியில் வைத்தால் ஊர் போய்ச் சேருவதற்குள் கழுத்து போய்விடும்.

களிமண், காகிதக்கூழ், பிளாஸ்டர் எல்லாவற்றிலும் செய்கிறார்கள். பிளாஸ்டிக்கிலும் வந்துவிட்டது. அங்கே பொம்மை செய்யும் அம்மா ஒருவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். வர்ணத் தூரிகையைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். "பிளாஸ்டிக் வந்தா வரட்டும் தம்பி. வாங்க வர்றவங்க ரெண்டையும் கையில வச்சுக்கிட்டு, 'ரெண்டும் ஒண்ணுதானே, இதுக்கு ஏன் கூட?'ன்னு கேக்குறாங்க பாருங்க. அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு." நாம் யாரும் அந்தக் கேள்வியை இனிமேல் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நெட்டி, வீணை

ஏரி, குளங்களில் வளரும் நெட்டிச் செடியை வெட்டிக் காயவைத்து, தோலைச் சீவினால் உள்ளே வெள்ளை வெளேரென்று தண்டு. அதில் பெரிய கோயிலையே செதுக்கிவிடுவார்கள். பார்த்தால் தந்தம், தூக்கினால் காற்று. 2020-ல்தான் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்பவர்கள் மிகக் குறைவு. ஏரியில் தண்ணீர் இருந்தால்தான் அவர்களுக்குத் தொழில். வாங்கினால் கண்ணாடிப் பெட்டியோடு வாங்குங்கள். தூசி படிந்தால் துடைத்து மாளாது.

வீணை 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரே பலா மரத் துண்டில் குடைந்தால் ஏகாந்த வீணை. குடம், தண்டி என்று பாகங்களாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. கண்ணாடி அலமாரியில் வைக்கும் சின்ன வீணை அலங்காரப் பொருள். அதை வாசிக்க முடியாது, சுருதி நிற்கவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள். உண்மை வீணை வேண்டுமென்றால் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு தெற்கு வீதிப் பக்கம் போங்கள். மெழுகில் மெட்டு அமைப்பதைக் காத்திருந்து பாருங்கள். அந்தக் காதுக்கு எந்த இயந்திரமும் ஈடு இல்லை.

கும்பகோணம் பக்கம் ஒரு நாள்

தஞ்சாவூரில் தங்க இரண்டாவது நாள் இருந்தால் கும்பகோணம் கிளம்புங்கள். நாற்பது கிலோமீட்டர்தான். வழியிலேயே சுவாமிமலை.

சுவாமிமலையில் மெழுகில் சிலை செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மேலே களிமண் போட்டுக் கட்டி, நெருப்பில் சூடாக்குவார்கள். மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறிய பிறகு அச்சை உடைத்துச் சிலையை எடுப்பார்கள். அச்சை உடைத்துவிடுவதால் ஒரு அச்சுக்கு ஒரே சிலைதான். பிறகு உளி வேலை. 2023-ல் ஜி-20 மாநாட்டுக்காக டெல்லியில் நிறுத்திய 27 அடி நடராஜர் இந்த ஊர் ஸ்தபதிகள் கையால் போனதுதான். அதே கைகள் ஆறு அங்குல விநாயகரும் செய்கின்றன. பட்டறைக்குள் போய்ப் பார்க்கலாம், யாரும் விரட்டமாட்டார்கள். வடநாட்டிலிருந்து வரும் பித்தளைச் சிலைகளும் கடைகளில் இருக்கும். அதுவும் யாரோ ஒருவர் உழைப்புதான். ஆனால் சுவாமிமலை என்று பெயர் சொல்லி விற்கக்கூடாது. "இது எந்தப் பட்டறையில வார்த்தது? பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு. பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே அன்னம் என்று தனித்தனியாக வார்த்துக் கடைந்து திருகு வைத்து இணைப்பார்கள். வாங்கும்போது எல்லாவற்றையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். திருகு சிக்கக்கூடாது, விளக்கு ஆடக்கூடாது. திருபுவனத்தில் பட்டு. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலேயே வாங்கலாம். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட இங்கே வந்திருக்கும் சகோதரிகளுக்கு அதிகம் தெரியும் என்பதால் மேற்கொண்டு வாய் திறக்கப்போவதில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு

ஒரு எச்சரிக்கை. நம் தோழர் ஒருவரிடம் ஒரு தரகர், "நூத்தம்பது வருஷத்துப் பழைய படம் சார், ஜமீன் வீட்டுச் சரக்கு" என்று புகை படிந்த படம் ஒன்றைக் காட்டினார். தோழர் என்னிடம் கேட்டார். நான் சொன்னேன்: "பொய்யா இருந்தா பணம் போச்சு. நெஜமா இருந்தா அதைவிட மோசம்." 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே எடுத்துப் போக முடியாது. ஆகவே பழசைத் தேடாதீர்கள். புதுசை வாங்குங்கள். புதுச் சிலை வாங்கினாலும் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சிலை என்றால், இது தொல்பொருள் அல்ல என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் பெற்றுக்கொள்வது நல்லது. வழக்கமாக ஏற்றுமதி செய்பவர்களுக்கு அந்த நடைமுறை தெரியும்.

பேரம்

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். நம்மில் பலர் விமான டிக்கெட்டுக்குப் பேரம் பேசுவதில்லை, ஆஸ்பத்திரியில் பேசுவதில்லை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குப் பேசுவதில்லை. பொம்மைக்காரரிடம் பேசுகிறோம்.

வங்கிக்காரன் கணக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பேச்சுக்கு, ஒரு படம் பதினைந்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பலகை, கல், தங்கத் தகடு, வர்ணம், கண்ணாடிச் சட்டம் எல்லாம் சேர்ந்து ஒன்பதாயிரம் என்றால், மிச்சம் ஆறாயிரம். "எத்தனை நாள் வேலை?" என்று கேளுங்கள். பத்து நாள் என்றால் நாளுக்கு அறுநூறு. நீங்கள் இரண்டாயிரம் குறைத்தால் அது தங்கத்திலிருந்து குறையாது, நாளுக்கு நானூறு என்று அவர் கூலியிலிருந்துதான் குறையும். இந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்துவிட்டு, அதற்கப்புறமும் பேரம் பேச மனம் வந்தால் பேசிக்கொள்ளுங்கள்.

ஓவியர் ஒருவருக்கு ஒரே மகன். இன்ஜினியரிங் முடித்து வெளியூரில் வேலை பார்க்கிறான். "பையன் இதுக்கு வரலைன்னு வருத்தமா?" என்று கேட்டேன். "எதுக்கு சார் வருத்தம்? நல்லா இருக்கான். ஆனா நான் உட்கார்ற பலகையில எனக்கப்புறம் யாராவது ஒருத்தர் உட்காரணும்ல. மகனா இருக்கணும்னு இல்ல" என்றார். இப்போது அவரிடம் மூன்று பெண்கள் வேலை கற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் தொடர்ந்து செய்வார்களா என்பது, நாளுக்கு எவ்வளவு தேறுகிறது என்பதைப் பொறுத்தது. அதாவது நம்மைப் பொறுத்தது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

சென்ற முறை நமக்கெல்லாம் ஒரு நினைவுப் பரிசு கொடுத்தார்கள். பளபளவென்று ஒரு கேடயம். யார் வீட்டில் இப்போது அது எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பொறுப்பாளர்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த சந்திப்புக்கு நினைவுப் பரிசு இந்த மாவட்டத்துக் கைவேலையாக இருக்கட்டும். ஆளுக்கு ஒரு சிறிய தலையாட்டி பொம்மை போதும்.

அதற்குச் சில நடைமுறைகள் உண்டு. கடைசி வாரத்தில் போய் முந்நூறு பொம்மை கேட்டால் அவர்களால் கொடுக்க முடியாது. வேறு வழியில்லாமல் நாமும் கடைக்குப் போய் அச்சு வார்த்ததை அள்ளிக்கொண்டு வருவோம். ஆவணி, புரட்டாசி அவர்களுக்குக் கொலு வேலை. ஐப்பசி, கார்த்திகையில் மழை. பூசிய மண் காயாது. ஆகவே பொங்கல் கழிந்ததும் ஆர்டர் கொடுக்க வேண்டும், வெயில் காலத்தில் வேலை முடிய வேண்டும். பாதிப் பணம் முன்பணம். சரக்கு வாங்கிய அன்றே மீதி. "பில் பாஸ் ஆகட்டும்" என்று அலையவிடக் கூடாது. பெட்டியின் மேல் நம் சங்கத்தின் பெயரோடு, செய்தவர் பெயரும் ஊரும் அவர் சம்மதத்தோடு அச்சாக வேண்டும். நூறு பேர் வீட்டுக்குப் போனால், அதில் பத்துப் பேராவது அடுத்த கல்யாணத்துக்குத் தாம்பூலப் பைக்கு அவரையே தேடுவார்கள்.

மாணவர்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். இந்த மூத்தவர்கள் எல்லோரும் "எங்கே வாங்குவது?" என்று என்னைக் கேட்கிறார்கள். நீங்கள் நான்கு பேராகச் சேர்ந்து வீதி வீதியாகப் போய், எந்தத் தெருவில் என்ன செய்கிறார்கள், எத்தனை நாள் ஆகும், எந்த மாதம் ஆர்டர் கொடுக்கலாம் என்று கேட்டு எழுதி, அவர்கள் அனுமதியோடு ஒரு கையேடு தயாரியுங்கள். வணிகவியல் மாணவர்கள் அவர்களுக்குப் பில் எழுதவும், உடையாமல் பார்சல் கட்டி அனுப்பவும், செல்போனில் படம் எடுத்து வெளியூர் ஆட்களுக்குக் காட்டவும் கற்றுக்கொடுங்கள். அவர்களிடமிருந்து நீங்கள் கற்க வேண்டியதும் நிறைய இருக்கிறது. கையேட்டை அச்சிடும் செலவை 1978-ஆம் ஆண்டு வகுப்பு ஏற்றுக்கொள்ளும். என் தோழர்களை நான் கேட்கவில்லை. இப்போதுதான் அவர்களுக்கும் தெரிகிறது. கை தட்டுகிறார்கள், ஆகவே சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்!

நண்பர்களே, நாளைக் காலை பலர் ஊருக்குக் கிளம்புகிறீர்கள். மத்தியான ரயில்காரர்களுக்குக் காலையில் நேரம் இருக்கிறது. புன்னைநல்லூர் இங்கிருந்து ஆட்டோ தூரம்தான். நான் ஒன்பது மணிக்குப் பழைய பஸ் ஸ்டாண்ட் வாசலில் நிற்பேன். வருகிறவர்கள் வாருங்கள், கூட்டிப் போகிறேன். பேரம் பேசுகிறவர்கள் மட்டும் தனி ஆட்டோவில் வரவும்.